ஸ்லாப் ஓரத் தடுப்புக்குச் சான்றிதழ் இருக்கிறது; போதுமா?

கேள்வி: வணக்கம் சார். சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு 14 மாடிக் குடியிருப்புக் கட்டுமானத்தில் பாதுகாப்புப் பொறுப்பாளராக இருக்கிறேன். ஸ்லாப் ஓரங்களுக்கு இதுவரை சாரக் குழாயையும் கயிற்றையும் வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். இப்போது ரெடிமேட் தடுப்பு வாங்கப் போகிறோம். ஒரு சப்ளையர் 'ஐரோப்பியத் தரமான இஎன் 13374 படி சோதித்தது' என்று இரண்டு பக்கச் சான்றிதழ் தருகிறார், நகலை இணைத்திருக்கிறேன். இன்னொருவர் உள்ளூர் பட்டறைக்காரர். விலை பாதிதான். 'நாலு பேர் ஏறி நின்னு பார்த்தாச்சு சார், அசையல' என்கிறார். எங்கள் முதலாளி, 'பேப்பர் இருக்கிறவனிடம் வாங்கு, நாளைக்கு யாராவது கேட்டால் காட்டிக்கொள்ளலாம்' என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தச் சான்றிதழை எப்படி எடைபோடுவது? சைட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கங்களையும் படித்தேன். முதல் பக்கம் சப்ளையரின் லெட்டர்ஹெட். 'எங்கள் தயாரிப்பு இஎன் 13374, ஏ வகுப்பு' என்று அவரே எழுதி அவரே கையெழுத்தும் போட்டிருக்கிறார். இரண்டாம் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தின் அறிக்கை. அது பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே சோதித்தது எதை? 48.3 மி.மீ. குழாயிலிருந்து வெட்டிய ஒரு துண்டின் இழுவலிமையை. அந்தக் குழாயில் தடுப்பு செய்து ஸ்லாப் ஓரத்தில் நிறுத்தி, அதன்மேல் ஆள் சாய்ந்தால் நிற்குமா என்று அந்தக் கூடத்தை யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. சம்பந்தமில்லாத இரண்டு தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்ததும் 'சான்றிதழ்' பிறந்துவிட்டது.

குழாயைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 48.3 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன், சாதாரண 210 தரக் குழாய். அதை ஒரு மீட்டர் உயரப் போஸ்டாக நிறுத்தினால், உச்சியில் ஏறக்குறைய 100 கிலோ பக்கவாட்டு இழுப்பு வரும்வரை நிரந்தரமாக வளையாது. இஎன் 13374 கேட்பது 0.3 கிலோநியூட்டன், அதாவது சுமார் 30 கிலோ. சுமைக்கு ஒன்றரை மடங்கு, எஃகுக்கு 1.1 என்று பாதுகாப்புக் காரணிகளைச் சேர்த்தாலும் 50 கிலோதான். குழாய் இரண்டு மடங்கு தெம்பாகவே இருக்கிறது.

இப்போது அதே போஸ்டின் காலுக்கு வாருங்கள். தகடு வைத்து போல்ட் போட்ட போஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். உட்பக்க போல்ட்டுக்கும் தகட்டின் வெளி விளிம்புக்கும் 6 செ.மீ. இடைவெளி. மேலே 30 கிலோ வெளிப்பக்கம் தள்ளினால், கீழே அந்த போல்ட்டை மேல்நோக்கிப் பிடுங்கும் விசை 500 கிலோ. காரணிகளோடு பார்த்தால் 800ஐத் தாண்டும். அந்த போல்ட் எதில் இறங்கியிருக்கிறது? ஷட்டரிங் பிரித்துச் சில நாள்தான் ஆன, வைப்ரேட்டர் சரியாகப் போகாமல் தேன்கூடு போல உள்ளே ஓட்டை விழுந்திருக்கக்கூடிய ஸ்லாப் ஓரத்தில். நான் பார்த்த வரையில் தடுப்புகள் கம்பி முறிந்து விழுவது அபூர்வம். கால் கழன்று, ஸ்லாப் ஓரத்தைக் கவ்வும் கிளாம்ப் வழுக்கி, அல்லது கான்கிரீட் ஓரம் சில்லாகப் பெயர்ந்துதான் விழுகின்றன. ஆகவே சான்றிதழில் முதலில் தேட வேண்டியது 'எதன்மேல், எப்படிப் பொருத்திச் சோதித்தார்கள்' என்ற வரி. உங்கள் நகலில் அது இல்லை.

பட்டறைக்காரரின் நாலு பேர் கதைக்கும் இதே பதில்தான். நாலு பேர் ஏறி நின்றால் சுமை கீழ்நோக்கிப் போகிறது. ஆள் விழுவதோ வெளிப்பக்கம். அதோடு அவர் பட்டறையில் அந்தப் போஸ்டை எதில் நிறுத்தியிருந்தார் என்று கேட்டுப் பாருங்கள். தரையில் கிடந்த ஐ-பீமில் வெல்ட் வைத்திருந்தார் என்றால் வியப்படைய மாட்டேன்.

சரி, அந்த இஎன் 13374 என்னதான் சொல்கிறது? தற்காலிக ஓரத் தடுப்புகளுக்கான ஐரோப்பியத் தரம் அது. முதலில் 2004இல் வந்தது, 2013இல் திருத்தி எழுதினார்கள், 2018இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். நம்மிடம் ரெயிலிங், டோ போர்டு (தரையோரத் தடுப்புப் பலகை) பற்றி 1978இன் இந்தியத் தரம் ஐஎஸ் 4912 உண்டு. ஆனாலும் வகுப்பு பிரித்துச் சோதிப்பது என்று வந்தால் ஆட்கள் கையில் எடுப்பது பெரும்பாலும் ஐரோப்பியத் தரத்தைத்தான்.

அதில் மூன்று வகுப்புகள். ஏ வகுப்பு, 10 பாகைக்கு மேல் சரிவில்லாத தளத்துக்கு. உயரம் குறைந்தது ஒரு மீட்டர், டோ போர்டு 150 மி.மீ., நடுவே 470 மி.மீ. உருண்டை நுழைகிற இடைவெளி இருக்கக்கூடாது. தடுப்பின் எந்த இடத்திலும் 30 கிலோ பக்கவாட்டாகத் தள்ளினால் 55 மி.மீ.க்கு மேல் நெகிழக்கூடாது. டோ போர்டுக்கு அந்தத் தள்ளு 20 கிலோ. மேலிருந்து கீழாக 125 கிலோ விபத்துச் சுமையையும் தாங்க வேண்டும். பி, சி வகுப்புகள் சரிவான கூரைக்கு. சறுக்கி வருகிற ஆளை நிறுத்த வேண்டும் என்பதால் அங்கே மோதல் சோதனையும் உண்டு. பி வகுப்பில் அடிப்பகுதி 1100 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். 75 கிலோ ஆள் ஒன்றரை மீட்டர் விழுந்தால் வருகிற சக்தி அது. உங்கள் மாடித் தளங்களுக்கு ஏ போதும். கிளப் ஹவுஸுக்கு ஓட்டுக்கூரை போடுகிற திட்டம் இருந்தால் அங்கே இதையே தூக்கிக்கொண்டு போய் நிறுத்தாதீர்கள்.

55 மி.மீ. என்பது தாராளமாகத் தெரியும். மேலே சொன்ன குழாய் 30 கிலோவுக்குத் தானாக வளைவது 4 மி.மீ. சொச்சம்தான். மற்றதெல்லாம் பொருத்துமிடத்தின் தொளதொளப்பு. காலைச் செருகும் 10 செ.மீ. ஆழச் சாக்கெட்டில் போஸ்ட் 2 மி.மீ. ஆடினால் உச்சியில் 2 செ.மீ. ஆடும். ஆகவே நெகிழ்வு அதிகம் என்று அறிக்கை சொன்னால் குழாயைத் தடிமனாக்கிப் பயனில்லை, சாக்கெட்டைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு சப்ளையர் வந்து அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி 200 பவுண்டு, அதாவது 90 கிலோ தாங்கும் என்பார். 90 பெரிதா, 30 பெரிதா என்று நேராக ஒப்பிடாதீர்கள். ஓஷாவின் 90 கிலோ, உடையாமல் தாங்க வேண்டிய அளவு. ஐரோப்பியத் தரத்தின் 30, காரணிகளும் நெகிழ்வு வரம்பும் சேர்வதற்கு முந்தைய அடிப்படைச் சுமை. அப்புறம், 'இஎன் 13374, சிஇ முத்திரை பெற்றது' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் உஷாராகுங்கள். இந்தத் தரத்தின்கீழ், ஐரோப்பியச் சந்தை அடையாளமான சிஇ முத்திரை தருவதே கிடையாது. தரம் கேட்கிற அடையாளம் வேறு: தர எண், வகுப்பு, தயாரிப்பாளர் பெயர், தயாரித்த ஆண்டும் மாதமும் அல்லது வரிசை எண். இவை பொருளின்மேலேயே அழியாமல் பொறித்திருக்க வேண்டும். கடிதத்தில் இருந்து கம்பியில் இல்லாவிட்டால், அந்தக் கடிதம் எந்தக் கம்பியைப் பற்றியது என்று எப்படிச் சொல்வது?

அடுத்து, சுயேச்சையான சோதனை. வெளி ஆய்வுக்கூடத்தில் செய்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடம் வெளியே இருப்பது அவசியம்தான். அதைவிட முக்கியம், சோதனைக்குப் போகிற மாதிரியை யார் எடுத்தது என்பது. பல வருடம் முன்பு ஒரு சோதனைக்குச் சாட்சியாகப் போயிருந்தேன். போஸ்ட் கம்பீரமாக நின்றது. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆறு மாதம் கழித்து வேறொரு வேலையாகப் போன சைட்டில் அதே பெயர், அதே நிறம் கொண்ட போஸ்டைப் பார்த்தேன். கை பட்டதும் கிளாம்ப் லேசாக முனகியது. வெர்னியரை எடுத்து அளந்தால் கிளாம்ப் தகடு 3 மி.மீ. சோதனைக்கு வந்ததில் 5 இருந்தது என் குறிப்பேட்டில் இருக்கிறது. அறிக்கையில் தடிமன் எழுதியிருக்கவில்லை. ஆகவே யாரையும் பொய்யன் என்று சொல்லவும் வழியில்லை. அன்றிலிருந்து படமும் அளவும் இல்லாத அறிக்கையை நான் இரண்டாம் முறை படிப்பதில்லை.

ஆகவே சரக்கு வந்து இறங்கியதும், குவியலிலிருந்து நீங்களே கைக்கு வந்த போஸ்ட், குழாய், கிளாம்ப்களை எடுங்கள். பெயின்டில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். கூடத்தின் அறிக்கையில் வரைபடம், ஒவ்வொரு பாகத்தின் தடிமனும் எடையும், கிளாம்ப் போல்ட்டை எவ்வளவு முறுக்கினார்கள், எந்தக் கான்கிரீட்டில் பொருத்தினார்கள், எந்தச் சுமையில் எது முதலில் விட்டது, இவையெல்லாம் படத்தோடு இருக்க வேண்டும். 'பாஸ்' என்ற ஒரே சொல்லை வைத்து நாம் செய்ய ஒன்றுமில்லை.

கூடத்தைத் தேர்வதில் ஒரு நுணுக்கம். என்ஏபிஎல் (ஆய்வுக்கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய வாரியம்) முத்திரையைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஆய்வுக்கூடங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 படி அங்கீகாரம் தருவது ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாக. குழாய் இழுவலிமைக்கு அங்கீகாரம் பெற்ற கூடத்துக்குத் தடுப்புச் சோதனையும் தெரியும் என்று பொருளில்லை. என்ஏபிஎல் இணையதளத்தில் கூடத்தின் பெயரைப் போட்டால் எந்தெந்தச் சோதனைக்கு அங்கீகாரம் என்ற பட்டியல் வரும், அதில் தேடுங்கள். பட்டியலில் இந்தச் சோதனை உள்ள கூடம் பக்கத்தில் அகப்படவில்லை என்றால், முழு அளவு அமைப்புகளைச் சோதித்துப் பழகியவர்களிடம் போங்கள். தரமணியில் சிஎஸ்ஐஆரின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இருக்கிறது, ஐஐடி மெட்ராஸின் கட்டமைப்புப் பிரிவு இருக்கிறது. உங்கள் சைட்டிலிருந்து இரண்டும் ஒரு மணி நேரத் தொலைவுக்குள்தான். தரத்தின் எண்ணையும் நீங்கள் பொருத்தப்போகும் விவரத்தையும் எழுத்தில் கொடுத்துக் கேளுங்கள்.

கூடத்துக்கு அனுப்புமுன் சைட்டில் ஒரு மாக்கப், அதாவது முழு அளவு மாதிரி, செய்து பாருங்கள். நீங்கள் கேட்ட வழி இதுதான். 14ஆவது மாடியில் வேண்டாம், தரையில். அடுத்த ஸ்லாப் ஊற்றும் அன்றைக்கே, அதே கலவையில், அதே தடிமனில், ஒரு மீட்டர் அகலமும் மூன்றரை மீட்டர் நீளமுமாக ஒரு துண்டு ஸ்லாப் போட்டுவிடுங்கள். பலகை பிரித்ததும் ஓரம் அந்தரத்தில் நிற்கிற மாதிரி முட்டுக்கட்டை மேல் இருக்கட்டும். கிளாம்ப் அடியிலும் பிடிக்க வேண்டுமே. மேலே மாடியில் எத்தனையாவது நாளில் தடுப்பு நிறுத்துவீர்களோ அதே நாளில் இங்கேயும் நிறுத்துங்கள். 28 நாள் ஆன கான்கிரீட் கட்டியின் (கியூப்) பலத்தை இங்கே பேசக்கூடாது, மூன்றாம் நாள் கான்கிரீட் என்ன பிடிக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி), நடுவே அளவுத்திருத்தம் செய்த தொங்கு தராசு. போஸ்ட் உச்சியை வெளிப்பக்கமாக இழுங்கள். முதலில் 10 கிலோ வைத்துத் தளர்த்தினால் இடைவெளிகள் அமர்ந்துவிடும். அங்கிருந்து அளவு தொடங்கட்டும். 30 கிலோவில் ஒரு நிமிடம் நிறுத்தி எவ்வளவு நெகிழ்ந்தது என்று குறியுங்கள். விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா பாருங்கள். பிறகு 50 கிலோ. மேல் கம்பியின் நடுவில் 125 கிலோ தொங்கவிடுங்கள், இரண்டரை சிமென்ட் மூட்டை. இங்கே போஸ்ட் இடைவெளி பேசும். 2.4 மீட்டர் இடைவெளியில் அந்தக் குழாய் இதைச் சாதாரணமாகத் தாங்கும். 3 மீட்டரில் விளிம்புக்கு வந்துவிடும். 4 மீட்டரில் வளைந்தே போகும். சப்ளையர் சொன்ன இடைவெளியை மேஸ்திரி 'ரெண்டு போஸ்ட் மிச்சம்' என்று நீட்டினால் சான்றிதழ் அந்த இடத்திலேயே செல்லாது. இழுக்கும்போது சங்கிலியின் நேர்க்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம். அறுந்தால் எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது.

இவை முடிந்த பின் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போங்கள். எனக்குப் பிடித்த கட்டம் இது. போஸ்ட் மெல்ல வளைந்து, ஆனாலும் கழலாமல் நின்றால் நல்ல தடுப்பு. கிளாம்ப் வழுக்கினால் வடிவமைப்பில் கோளாறு. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கான்கிரீட் ஓரம் பெயர்ந்தால், அந்தப் பொருத்துமுறை உங்கள் கட்டடத்துக்கு ஆகாது. சப்ளையர் எந்த ஊர்ச் சான்றிதழ் வைத்திருந்தாலும் சரி.

இந்த மாக்கப் பட்டறைக்காரருக்கும் நியாயம் செய்யும். விலை குறைவு என்பதற்காக அவரை ஒதுக்க வேண்டியதில்லை. நம் பட்டறைகளில் வெல்டிங் நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாதது கான்கிரீட் ஓரம். இரண்டு பேரையும் ஒரே துண்டு ஸ்லாபில் போட்டியிட விடுங்கள். அவருடையது தேறினால், அதே மாதிரியை வெளிக்கூடத்துக்கு அனுப்பி, செலவை ஆர்டரில் கழித்துக்கொள்ளப் பேசலாம். மாக்கப்பை மட்டும் வைத்து வாங்கிவிடாதீர்கள். தேற வேண்டும் என்ற ஆசை அவருக்கும் உண்டு, விலை குறைவு என்பதால் உங்களுக்கும் உண்டு. ஆசையில்லாத மூன்றாவது ஆள் ஒருவர் பார்க்கட்டும். கூடவே பேச்சுவாக்கில் யாராவது சவுக்குக் கட்டையை இதில் சேர்க்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒரு கட்டை போல் இன்னொன்று இருக்காது, ஒன்றைச் சோதித்து மற்றதைப் பற்றிச் சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்கிறேன். தடுப்பில் பச்சை வலை கட்டுவீர்களா? ஓஎம்ஆரில் கட்டாத சைட்டே இல்லை. இஎன் 13374 அதிகபட்சக் காற்றாகச் சதுர மீட்டருக்கு 600 நியூட்டன் எடுக்கிறது. ஒரு மீட்டர் உயரம், 2.4 மீட்டர் இடைவெளி, காற்றே புகாத துணி என்றால் ஒரு போஸ்டுக்கு 144 கிலோ வரும். காலில் விழும் திருப்பம், ஆள் சாய்வதால் வருவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பாதி அடைப்புள்ள வலையாக இருந்தாலும் ஆளைவிடக் காற்றே கனம். அந்த 600 மணிக்குச் சுமார் 114 கி.மீ. காற்றுக்கானது. கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 875 சென்னைக்குக் கொடுத்திருக்கிற அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கி.மீ. 2016 டிசம்பர் வர்தா புயலை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே சோதனை கம்பித் தடுப்புக்கு மட்டுமா, வலையோடா என்று எழுத்தில் கேளுங்கள். கம்பிக்கு மட்டும் என்றால், புயல் எச்சரிக்கை வந்ததும் வலையை அவிழ்க்கும் ஆள் யார் என்று இப்போதே பெயர் போட்டு வையுங்கள்.

அதேபோல் இந்தத் தடுப்பு சாய்கிற ஆளுக்கானது. பம்ப் குழாயை அதில் கட்டுவதற்கோ, செங்கல் அடுக்கைச் சாய்ப்பதற்கோ, தள்ளுவண்டி மோதுவதற்கோ யாரும் சோதித்ததில்லை. ஒருமுறை வளைந்த போஸ்டை நிமிர்த்தி வெல்ட் வைத்தால் அது வேறு போஸ்ட். அதற்கும் பழைய அறிக்கைக்கும் உறவில்லை.

முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள் என்று புரிகிறது. அவர் பேப்பர் கேட்கிறார், பேப்பரையே கொடுங்கள்: இந்த சப்ளையருக்கு ஒரு கடிதம் எழுதி, 'முழுத் தடுப்பும் பொருத்திய நிலையில் சோதித்த அறிக்கை, எங்கள் ஸ்லாப் தடிமனுக்கு' என்று கேளுங்கள். விபத்து நடந்த பிறகு விசாரிக்க வருகிறவர் பார்க்கும் முதல் தாள் நீங்கள் எனக்கு அனுப்பிய இரண்டாம் பக்கம்தான். அது குழாய்த் துண்டின் அறிக்கை என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதுத் தடுப்பு வரும்வரை கயிற்றை நம்பி யாரையும் ஓரத்தில் விடாதீர்கள். ஓரத்திலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே தள்ளி ஒரு எல்லை கட்டுங்கள். அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால் தூணில் கட்டிய லைஃப்லைனில் ஹார்னஸை மாட்டிய பிறகுதான். மாக்கப் முடிந்ததும் எது முதலில் விட்டது என்று ஒரு வரி எழுதுங்கள். கிளாம்பா, கான்கிரீட்டா என்று பார்க்க எனக்கும் ஆவல்.